கப்பல் தபால்

கண்மணிக்குப் பிடிபடாதது ஒன்றுதான். பந்து கணவன் கைக்குச் சுத்தமாக வருகிறது. கையிலிருந்து வேகமாகவும் போகிறது. பிறகு ஏன் பிந்திப் போய்ச் சேர்கிறது?

2001ஆம் வருடக் கோடையில், அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் நகரப் பூங்காவின் ஞாயிற்றுக்கிழமை சாஃப்ட்பால் ஆட்டம் ஒவ்வொன்றிலும் அவள் இதையே பார்த்தாள். சாஃப்ட்பாலைப் பேஸ்பாலின் தம்பி என்று சொல்லலாம். பந்து பெரியது, மைதானம் சிறியது, விதிகள் ஏறக்குறைய அவையேதான். பந்தை அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓடுவான். அந்த வெள்ளைத் திண்டை அவன் மிதிப்பதற்குள், அங்கே நிற்பவனின் கையுறைக்குப் பந்து வந்துவிட்டால் அவன் அவுட். அவள் கணவன் சபரிநாதன் நின்றது ஷார்ட் ஸ்டாப்பில், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில். தரையோடு வருகிற பந்துகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம்தான் வரும். அவன் பூனை மாதிரி பாய்ந்து எடுப்பான். எறிந்தால் பந்து கோடு கிழித்ததுபோல் போகும். போய்ச் சேரும்போது ஓடியவனின் கால் திண்டின் மேல் இருக்கும். எப்போதும் ஒரே ஒரு எட்டுதான் வித்தியாசம்.

ஒரு தடவை பிந்தினால் நேரம் சரியில்லை என்று விட்டுவிடலாம். எல்லாத் தடவையும் அதே அளவு பிந்தினால் அதற்கொரு காரணம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்மணி அப்படி நினைக்கிறவள். குக்கர் விசில் அடிக்கவில்லையென்றால் மற்றவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். அவள் கழற்றிப் பார்ப்பாள். ஆணி வைத்த ஷூ வாங்கிக் கொடுத்தாள். தோளுக்குத் தைலம் தேய்த்தாள். கையுறை கனமோ என்று கடைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். சபரிநாதன் இடது கையால் எறிகிறவன். அவன் கையுறையை வலது கையில் மாட்ட வேண்டும். கடையில் இடது கைக்காரர்களுக்கென்று முதல் பேஸ் கையுறைகள் வரிசையாகத் தொங்கின, தூரத்தில் நிற்பவர்களுக்கான பெரிய கையுறைகளும் இருந்தன. ஷார்ட் ஸ்டாப்புக்கான சின்னக் கையுறை மட்டும் ஒன்றுகூட இல்லை. ஸ்டாக் தீர்ந்திருக்கும் என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள்.

அணியின் பெயர் கொங்கு கோப்ராஸ். சொந்தக்காரர் திருமூர்த்தி. பொள்ளாச்சிக்காரர், ஊரிலிருந்து இன்ஜினியர்களை வரவழைத்து இங்கே உள்ள கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்று வைத்திருந்தார். கோயமுத்தூரில் ஆள் எடுக்கும்போதே, "கிரிக்கெட் ஆடுவியாப்பா?" என்று கேட்டுத்தான் எடுப்பார். ஃப்ரீமான்ட்டில் சாஃப்ட்பால் லீக் இருக்கிறது என்று தெரிந்ததும் அலுவலக வெள்ளைப் பலகையில் மைதானம் வரைந்து ஆளுக்கு ஓர் இடம் கொடுத்தார். கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர். முதல் பேஸ் என்றால் ஸ்லிப். அசையாமல் நின்று பிடித்தால் போதும், கனத்த உடம்புக்காரரான வெங்கடாசலம் அங்கே. ஷார்ட் ஸ்டாப் என்றால் கவர். கல்லூரியில் கவரில் புகழ்பெற்ற சபரிநாதன் அங்கே. யாரும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது கிரிக்கெட் ஒன்றுதான்.

அந்த வருடம் சீசனின் பாதிவரை கோப்ராஸ் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

பார்க்க வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மடக்கு நாற்காலி, புளிசாதம், சிப்ஸ், குழந்தைகள். வாரம் முழுக்க ஃப்ரீவேயில் தேய்ந்தவர்களுக்கு இது ஒன்றுதான் வெளியே போகிற இடம். இதிலும் தோற்றுக்கொண்டே இருந்தால் ஆத்திரம் வராதா?

"எட்டு ஓப்பனிங் பேட்ஸ்மேனை வெச்சு ஒரு டீம். ஒருத்தனுக்காவது ஓடத் தெரியுதா பாரு. இதுக்கு ஒரு ஓனர் வேற."

"மெதுவா பேசுங்க, பின்னாடி வள்ளி அக்கா உக்காந்திருக்காங்க."

வள்ளி திருமூர்த்தியின் மனைவி. அந்தப் பேச்சு அதோடு நிற்கும். அணியைக் கட்டியவர்தான் சம்பளமும் போடுகிறார். அவரைத் திட்ட முடியாது. திட்டு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? மைதானத்தின் நடுவே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், சபரிநாதன் நின்றான்.

"சபரி, அட்ரஸ் கரெக்டா எழுதினியாப்பா? டெலிவரி ஆகலையே!"

"ஸ்டாம்ப் ஒட்ட மறந்திருப்பான்."

"அதெல்லாம் ஒட்டிட்டான்யா. கப்பல்ல போட்டிருக்கான். தீபாவளிக்குள்ள வந்துடும்!"

அன்றிலிருந்து அவன் பெயர் கப்பல் தபால். குழந்தைகள் "ஷிப் மெயில், ஷிப் மெயில்" என்று பாட்டாகவே பாடின. அலுவலக மின்னஞ்சலில்கூட அந்தப் பெயர் வந்தது. சபரிநாதன் சிரித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுவான்.

சிரிக்காத ஒரே ஆள் நாகமணி. வெங்கடாசலத்தின் மனைவி. கண்மணியும் சபரிநாதனும் அமெரிக்கா வந்து இறங்கியபோது வீடு கிடைக்கும்வரை அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள்; வெங்கடாசலம்தான் சபரிநாதனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆட்டத்தின்போது நாகமணி தன் பெரிய நீலக் குடையைக் கண்மணி பக்கம் சாய்த்துப் பிடிப்பாள். "இவனுக கெடக்கறானுக விடு கண்ணு. வேற பொழப்பு இல்ல" என்பாள்.

ஜூலையில் ஒரு நாள், வள்ளி வீட்டு விருந்தில், திருமூர்த்தி தட்டோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "மார்க்கெட் படுத்துருச்சு, எல்லாருக்கும் தெரியும். ஒரு ப்ராஜெக்ட் குளோஸ் ஆகுது. ஒருத்தரை அனுப்பித்தான் ஆகணும். சீசன் முடியட்டும், பாக்கலாம். யாரு லயபிலிட்டின்னு ஃபீல்டே காட்டிக்குடுத்துரும், இல்லீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் சபரிநாதனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வேலை போனால் விசா போகும். மூட்டை கட்ட வேண்டியதுதான். கண்மணிக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை, படிக்கலாம். கம்யூனிட்டி காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பு சேர்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஆசிலோஸ்கோப் என்கிற கருவியைத் தன் கையால் திருகி, கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் பச்சை அலையாகத் திரையில் ஓடுவதைப் பார்த்திருந்தாள். அதை விட்டுவிட்டுப் போவதை அவளால் நினைக்கக்கூட முடியவில்லை.

ஒரு சாயங்காலம் வகுப்பிலிருந்து திரும்பியபோது சபரிநாதன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் இடது கையில் நார், வலது கையில் தட்டு. தட்டு காயவைக்கும் கம்பிக்கூடை சிங்க்குக்கு இடப்பக்கம். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் கால்களை நகர்த்தி, உடம்பை முழுக்கத் திருப்பி, வலது கையை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். அவள் கழுவும்போது அப்படித் திரும்பியதே இல்லை. வலது கையில் நார், இடது கையில் தட்டு, இடப்பக்கம் கூடை. கை நீட்டினால் போதும்.

அவள் கூடையைத் தூக்கி வலப்பக்கம் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"கழுவுங்க."

கழுவினான். ஒரு தட்டுக்கும் கால் நகரவில்லை.

"ஏங்க, ஹாலுக்கு வாங்க. இப்பவே. கை ஈரம் பரவால்ல."

சாக்ஸைப் பந்தாகச் சுருட்டினாள். அவனைக் குனிந்து நிற்க வைத்து, உருட்டிவிட்டு, இடப்பக்கம் இருந்த படுக்கையறைக் கதவை நோக்கி எறியச் சொன்னாள். மெதுவாக எறியச் சொல்லிக் காலை மட்டும் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தாள்.

"வேகமா எறியணும்னா எறியற கைக்கு எதிர்த்தோள் குறியைப் பாத்து இருக்கணும். நீங்க நிக்கற எடத்துல முதல் பேஸ் உங்களுக்கு இடப்பக்கம். வலது கைக்காரனுக்கு இடது தோள் தானா அந்தப் பக்கம்தான் இருக்கு, எடுத்தான், எறிஞ்சான். நீங்க வலது தோளை அங்க கொண்டுபோறதுக்கு மொத்த உடம்பையும் திருப்பணும். அந்தத் திருப்பத்துலதான் அவன் ஒரு எட்டு வெச்சுடறான்! கிரிக்கெட்ல இந்தப் பிரச்சனையே வராது. கவர்ல நின்னா ரெண்டு ஸ்டம்பும் முன்னாடி இருக்கு, எந்தக் கைன்னு யாரு பாத்தா? உங்க கையில ஒரு தப்பும் இல்லீங்க. கூடை தப்பான பக்கம் இருக்கு, அவ்வளவுதான்."

சபரிநாதன் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "அப்ப நான் எங்க நிக்கணும்?"

கடையில் வரிசையாகத் தொங்கிய முதல் பேஸ் கையுறைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. சொன்னாள்.

"அங்க வெங்கட் அண்ணா நிக்கறாரு" என்றான் அவன்.

"தெரியும்."

"அவர அங்க இருந்து எடுத்தா வேற எங்கயும் அவரால ஓட முடியாது, கண்மணி."

"தெரியும்னு சொன்னேனில்ல."

மறுநாள் அலுவலகத்துக்கு அவளே போனாள். திருமூர்த்தியின் வெள்ளைப் பலகை முன்னால் நின்று, தோள், கால், திருப்பம் எல்லாம் நிதானமாக விளக்கினாள். அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"அதாவது, இத்தன நாளா நான் தப்பா டீம் போட்டிருக்கேங்கற."

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸிலேயே பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"ஐயோ, நீங்க இல்லீங்க சார். முதல் பேஸ் காலியா இருந்திருந்தா நீங்க இவரத்தானே போட்டிருப்பீங்க? வெங்கட் அண்ணா அந்த எடத்த அடைச்சுகிட்டு நின்னா நீங்கதான் என்ன பண்ணுவீங்க?"

வெங்கடாசலம் அந்த இடத்தைக் கேட்டதே இல்லை. அதில் அவரை நிறுத்தியவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் திருமூர்த்தியின் முகம் தளர்ந்தது. வெங்கடாசலத்தின் பெயரை அழித்தார்.

"அதான் நானும் நெனச்சுட்டிருந்தேம்மா" என்றார்.

அடுத்த ஞாயிறு சபரிநாதன் முதல் பேஸில் நின்றான். வலது கையுறை மைதானத்தின் உள்பக்கம் பார்த்தபடி திறந்திருந்தது. எந்த மூலையிலிருந்து வந்த பந்தும் அதற்குள் போய் அடங்கியது. பிடித்த கையோடு இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் திரும்பாமலே எறிந்தான். ஷார்ட் ஸ்டாப்புக்கு வந்த சேனாபதி வலது கைக்காரன். அவன் எறிந்தவை ஒரு எட்டு முந்தியே வந்தன. வெங்கடாசலத்தை ரைட் ஃபீல்டில், சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிற மூலையில், நிறுத்தியிருந்தார்கள்.

கோப்ராஸ் முதல்முறையாக ஜெயித்தது. ஜெயித்தால் கூட்டம் திட்டுவதை நிறுத்தும் என்று கண்மணி நினைத்திருந்தாள். நிறுத்தவில்லை. வாய் பழகிவிட்டது. வெங்கடாசலத்தின் தலைக்கு மேல் ஒரு பந்து போனதுமே புது ஆள் கிடைத்துவிட்டார்.

"அண்ணா, பால் ஸ்டாக்டன் ஊரையே தாண்டிடுச்சு! ஃப்ரீவே புடிங்க!"

"நிக்கறாரா, நடக்கறாரா? யாராவது பக்கத்துல போய்ப் பாத்துச் சொல்லுங்கப்பா!"

வெங்கடாசலம் ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, மறுகையால் நழுவும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கண்மணிக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. முன்பாரம் ஏற்றிய வண்டி எப்படித் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயிலிருந்தும் வந்துவிட்டது:

"வெங்கட் அண்ணா, வயிறு முன்னாடி போகட்டும்! நீங்க மெதுவா பின்னாடி வாங்க!"

அன்றைக்கு அதுதான் பெரிய சிரிப்பு. வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, "சூப்பர் கண்மணி!" என்றார்கள். இதற்குமுன் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கப்பல் தபால் வைஃப் என்பார்கள். முகத்தில் வெயில் சுட்டபோதுதான் குடை நகர்ந்துவிட்டது தெரிந்தது. நாகமணி எலுமிச்சை சாத டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

மிச்ச ஆட்டங்களிலும் கோப்ராஸ் பெரும்பாலும் ஜெயித்தது. சீசன் முடிந்த கையோடு திருமூர்த்தி வெங்கடாசலத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பாதி வழியில் இருந்த கிரீன் கார்டு விண்ணப்பம் அதோடு முடிந்தது.

அவர்கள் சாமான்களை விற்கிற நாளில் உதவி செய்யலாம் என்று கண்மணி போனாள். கார் ஷெட் முன்னால் சோபா, மைக்ரோவேவ், சைக்கிள் எல்லாம் வரிசையாக இருந்தன. "ஐ டோன்ட் வான்ட் டு கோ" என்று உள்ளே அவர்கள் மகள் வெண்பா கத்துவது கேட்டது. வெங்கடாசலம் யாரையும் பார்க்காமல் டேப்பால் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். நாகமணி தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே நீலக் குடையைக் காலால் நகர்த்திக் காட்டினாள்.

"இத யாரும் வாங்கல. நீ வெச்சுக்க."

கண்மணி எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும் கண்ணு. உன் வீட்டுக்காரர் திடீர்னு எப்படி அப்படி ஆடுனாரு? இவரு தெனமும் அதையே சொல்லிட்டிருக்காரு. நான்தான் அந்தப் பையனுக்குத் தடையா நின்னுட்டேன்போல, சார் அப்படித்தான் சொன்னாருன்னு. நெசமா என்னதான் மாத்துனீங்க?"

கண்மணி நல்லபடியாக ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யாராவது விளக்கம் கேட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. நாகமணியின் கையிலிருந்த தட்டை வாங்கினாள். வலது கையில் பிடித்து, இடப்பக்கம் வைத்துக் காட்டினாள்; கால் நகர்ந்ததைப் பார்க்கச் சொன்னாள். பெட்டியை வலப்பக்கம் இழுத்துப் போட்டு மறுபடி வைத்துக் காட்டினாள். டேப் இழுக்கும் சத்தம் நின்றிருந்தது. கடையில் தொங்கிய கையுறைகளைச் சொன்னாள். வெள்ளைப் பலகை முன்னால் நின்று சொன்னதையும், சொல்லக் கூடாததைச் சொல்கிறோம் என்று உறைப்பதற்குள், உற்சாகத்தில் சொல்லிவிட்டாள்.

நாகமணி செய்தித்தாளைக் கீழே வைத்தாள். "அப்ப நீதான் போய்ச் சொன்னியா" என்றாள்.

கண்மணி தட்டைத் துடைத்து, தாளில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தாள்.

"ரொம்ப சிம்பிள்க்கா. இடது கையால எறியறவரை முதல் பேஸ்ல நிறுத்தணும். அங்க நின்னுட்டிருந்தவரை எடுத்துடணும்."