மூன்றாம் முறை வெளிச்சம்

எங்கள் முதலாளி வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். "நம்ம பழம் வெளிச்சத்துல குளிச்ச பழம். கழுவவே வேண்டாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துவிடுவார். நாங்களும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தோம். திராட்சையைத் தரம் பிரித்துப் பெட்டி போடுகிற அவர் கூடத்தில் நான் பழம் பொறுக்குகிறவள். பெல்ட்டில் நகர்ந்து வரும் பழம் ஒரு தகரக் கூண்டுக்குள் போகும். உள்ளே ஊதாவாக எரியும் விளக்குகள். புற ஊதாக் கதிர் என்பார்கள். எங்களுக்கு அது வெறும் லைட். கிருமியும் சாகும், பழத்தில் ஒட்டியிருக்கிற பூச்சிமருந்தும் கரைந்துபோகும் என்று சொல்லித்தான் அந்தக் கூண்டை வாங்கிப்போட்டார்கள். பழத்தைச் சோதிக்கிற லேப் என் கூடப்பிறந்த தம்பியின் பொறுப்பு.

அன்றைக்கு வந்த சுமையில் மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. எந்தப் புண்ணியவானோ பறிக்கப்போகிற நேரத்தில் அடித்துத் தொலைத்திருக்கிறான். கூண்டுக்குள் ஒரு தடவை போய்வந்த பழத்தைத் தம்பி சோதித்தான், தேறவில்லை. தேறாததைத் திருப்பி அனுப்பவேண்டியதுதானே? அதுதான் கிடையாது. எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம்: தேறாத பழத்தை மறுபடி கூண்டுக்குள் விடுவோம்.

"இன்னொரு தடவ ஓட்டுப்பா," என்றார் முதலாளி.

ஓட்டினோம். அப்போதும் தேறவில்லை. மூன்றாவது தடவை ஓட்டியபிறகு தம்பி லேப் கதவைத் திறந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மெஷினில் மருந்து துளிகூடத் தெரியவில்லையாம். எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது.

அத்தனை தடவை கூண்டுக்குள் போய்வந்தால் சில பழம் தொளதொளத்துவிடும். அதைக் கடைக்கு அனுப்ப முடியாது, எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். நான் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். என் மகளுக்கு நாலு வயசு. வாலு என்றுதான் கூப்பிடுவோம், ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். திராட்சை என்றால் அவளுக்கு உயிர்.

மறுநாள் எனக்கு லீவு. காலையில் வாலு பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "கழுவிக் குடேன்டி" என்றாள்.

"லைட் பழத்த யாராவது கழுவுவாங்களா?" என்று நான் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாலுவின் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகுகிறது, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது, கன்னச் சதை தானாகத் துடிக்கிறது. "அம்மா, எல்லாம் இருட்டா இருக்கு" என்றாள். பளீரென்று வெயில் அடிக்கிற நேரம். அவள் கண்ணைப் பார்த்தேன். கண் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. வாரித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"வீட்ல பூச்சிமருந்து இருக்கா? எடுத்துக் குடிச்சிட்டாளா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டர். திராட்சதான் தின்னா."

தகவல் தெரிந்து தம்பி மூச்சிரைக்க வந்து நின்றான். "பழத்துல மருந்து இல்ல டாக்டர். நானே சோதிச்சேன்" என்றான்.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "பாத்தா பூச்சிமருந்து மாதிரிதான் இருக்கு. ஆனா நிச்சயமில்லாம முறிவு மருந்த முழுசா ஏத்தினா இதயம் தாங்காது. கொஞ்சம் குடுத்திருக்கேன். அது பத்தல."

உள்ளே என் குழந்தைக்கு மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கி வளர்த்த எனக்குத் தெரியாதா அவன் லட்சணம்?

"டேய், என் மூஞ்சியப் பாரு. எதையாவது மறைக்கறியா?"

"மெஷின் தோட்டத்துல அடிச்ச மருந்த மட்டுந்தான் தேடும்க்கா," என்றான். "சில மருந்து அந்த லைட்ல அழியறதில்ல. வேற ஒண்ணா மாறிடும். மாறினது முன்ன இருந்தத விட விஷம். அத நாங்க தேடறதே இல்ல."

"தெரிஞ்சுதான் கட்டைவிரலத் தூக்கினியாடா, பாவி?"

"இவ்ளோ மாறியிருக்கும்னு நினைக்கலக்கா. சுமை திரும்பிப் போச்சுன்னா லேப்பையே மூடிடுவேன்னாரு முதலாளி."

ஓங்கி ஓர் அறை விட்டேன். கை எரிந்தது. "எங்கிட்ட என்னடா அழற? போய் டாக்டர்கிட்ட சொல்லு!"

போய்ச் சொன்னான். மருந்தின் பெயரையும், மாறினால் அது என்னவாகும் என்பதையும் சொன்னான். டாக்டரம்மா பாதிப் பேச்சிலேயே உள்ளே ஓடினார். ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். சாயங்காலம் வெளியே வந்து, "கண் பாப்பா விரிய ஆரம்பிச்சிருக்கு. பிழைச்சுக்குவா" என்றார். நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுகை அடங்கினபோதுதான் புத்தி வந்தது. "மீதிப் பழம் எங்கடா?"

"நேத்தே லாரில போயிடுச்சுக்கா. தேறிடுச்சுல்ல."

தம்பியை என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட வைத்து, வாங்கிப் பேசினேன். "பாப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று என்னிடம் உருகினார். கடைகளுக்குச் சொல்லிப் பழத்தை நிறுத்துங்கள் என்றேன். "மெஷின்ல ஒண்ணும் இல்லேன்னு உன் தம்பிதானேம்மா சொன்னான்?" என்றார். லைன் அறுந்தது. பழம் கடைகளுக்குப் போய்விட்டதை டாக்டரம்மாவிடம் சொல்லத் தம்பி மறுபடி உள்ளே ஓடினான்.

நான் வாசலுக்கு ஓடினேன். எதிரே ஒரு பழக்கடை. எங்கள் கூடத்துப் பெட்டிதான், மேலே ஊதா ஸ்டிக்கர். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்று, ஒரு கொத்தை எடுத்து அதன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்காத! குடுக்காதம்மா!" என்று கத்திக்கொண்டே சாலையைக் கடந்தேன்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிறமாதிரி பார்த்தாள். பிறகு, பாவம், எனக்குப் புரியவைக்கிற குரலில் சொன்னாள்:

"ஒண்ணும் ஆகாதுக்கா. இது லைட் பழம். கழுவவே வேண்டாம்."

குழந்தை வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.