நான்கு மணிப் பால்

டன்லப் தெருவில் மசாலா இறக்குமதி செய்யும் கடலோரம் டிரேடிங் நிறுவனத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சரியாக நான்கு மணிக்கு, நாற்பத்து மூன்று பேருக்கும் பிடோக்கில் ஒரு வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை அடித்தது. பிடோக் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர். கீழே கிடங்கில் மல்லியும் மிளகாயும் சோம்பும் மூட்டை மூட்டையாக இருந்தும் அந்தப் பால்தான் முந்திக்கொண்டு வந்தது. அதே நொடியில் எல்லார் திரையிலும் ஒரு சின்னப் பெட்டி எழுந்து ‘மர்யம், அடுப்பு’ என்றது.

காரணம் கவிப்ரியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஆளுக்கொரு விதமாக மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரே மென்பொருளுக்குக் கொண்டுவரும் வேலை அன்று. ஒரு கணினியில் ஒழுங்காக அமைத்து, அதையே அச்சாக வைத்து, நெட்வொர்க் வழியாக மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டும். அச்சுக்கு அவள் எடுத்தது கப்பல் சரக்கைக் கவனிக்கும் யாக்கூப்பின் கணினியை. குப்பை சேராத கணினி அங்கே அது ஒன்றுதான். அனுப்புமுன் அவருடைய சொந்த விவரங்களையும் நினைவூட்டல்களையும் துடைக்க வேண்டும், கால் மணி நேர வேலை. ஆனால் முதலாளி அண்ணாதுரை நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு ராகு காலம், அதற்குள் பட்டனை அமுக்கு என்று தலைமேல் நின்றார். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அமுக்கினாள். ராகுவிடமிருந்து தப்பியவர்கள் யாக்கூப்பின் வீட்டுக் கவலையில் போய் விழுந்தார்கள்.

யாக்கூப்புக்கு அந்த வாடை இரண்டு வருஷப் பழக்கம். மனைவி மர்யமுக்கு மறதி நோய். டீக்குப் பால் வைப்பார், வைத்ததை மறந்துவிடுவார். இவர் படிக்கட்டுக்குப் போய் ஃபோன் போட்டு அணைக்கச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்வார்களே என்ற பயம். முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்தவளை அங்கே விட்டுவிட்டு வர அவரால் ஆகாது. இப்போது நாற்பத்திரண்டு பேரும் திரும்பிப் பார்க்க, மனிதர் கூனிக்குறுகிப் போனார்.

“என் தப்புதான் அண்ணே,” என்றாள் கவிப்ரியா.

“எடுத்துடும்மா. அவ மானத்தோட இருந்துட்டுப் போகட்டும்,” என்றார்.

எல்லாக் கணினியிலும் ஒரேயடியாகத் துடைக்க வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நேரம் குறித்து வைத்தாள். இடையில் இரண்டு நாள் பால் பொங்கியது. இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அண்ணாதுரையே தன் அறையிலிருந்து, “யாக்கூப், அடுப்பு!” என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பால் வாடை வரவில்லை. உப்புச் சேற்றின் வாடையும் ஈரப் பலகையின் வாடையும் தூண்டில் மீனின் வாடையும் வந்தன. யாக்கூப் வீட்டுக்கு ஃபோன் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. அது எந்த இடத்து வாடை என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது விற்பனைப் பிரிவு சரத் எழுந்து மூக்கை உறிஞ்சினான். “இது பொங்கோல் ஜெட்டி லா அண்ணே. டெய்லி காலையில அங்கதான் ஜாகிங் போறேன்.”

சரக்கு வேனில் ஆறு பேர் ஏறினார்கள். பொங்கோல் படகுத்துறையின் பலகையில் மர்யம் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் பேருந்தில் ஏறினார், ஏன் ஏறினார் என்று அவருக்கும் தெரியாது. யாக்கூப் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதார். மர்யம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வந்தவர்களை எண்ணினார்.

“இத்தனை பேர் வர்றதா சொல்லவே இல்லையே நீங்க. பால் பத்தாதே!”

வேனில் திரும்பும்போது கவிப்ரியா கைபேசியைப் பார்த்தாள். “அண்ணே, அஞ்சு மணிக்கு எல்லாம் அழிஞ்சுடும். இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு.”

யாக்கூப் மர்யமின் கால் விரலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்மா,” என்றார், நிமிராமல். கவிப்ரியா அந்த அழிப்பை நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு மென்பொருள் மூன்று முறை புதிதானது, கணினிகள் ஒரு முறை மாறின. ஒவ்வொரு தடவையும் அச்சு எடுப்பது யாக்கூப்பின் கணினியிலிருந்துதான், துடைக்காமல். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு கணினி, ஒரு பாஸ்வேர்ட், ஒரு நான்கு மணி. வாடை அடித்ததும் யார் ஃபோன் செய்வது என்று முறை போட்டுக்கொண்டார்கள். மர்யமுக்கு எல்லார் குரலும் பழகிவிட்டது, பெயர்தான் நிற்பதில்லை. செவ்வாய்க்கிழமை அண்ணாதுரையின் முறை. நான்கு மணி ராகு காலத்தில்தான் வருகிறது. அவர் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, பிடோக்குக்கு ஃபோன் போட்டு, “மர்யம்மா, அடுப்பை அணைச்சுட்டீங்களா?” என்று கேட்கிறார்.