ரெண்டுக்கு ஒண்ணு

1

இந்தக் கதை நானாக யோசித்ததில்லை. குமாரபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு ஸ்ரீதேவி கேட்டதால் எழுதுவது. கேட்ட இடமும் நல்ல இடம்தான்! தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நிற்கும்போது, "ஏனுங்ணா, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கல்ல? அன்னிக்கு நான் மாமாகிட்ட ஒழுங்காச் சொன்ன மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றாள். மாமா என்பது அவள் கணவர் தீனதயாளன். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

அவள் கேட்ட கதையோ கால்பந்தைப் பற்றியது, எனக்கு அது தெரியாது. கிரிக்கெட்டே அரைகுறை. அதனால் ஆரம்பமே தகராறு.

[ஐரோப்பாவின் பெரிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், 2020இல் கொரோனாவால் பாதியில் நின்று —]

இது செய்தித்தாள். அடித்துவிட்டேன்.

[தீனதயாளன் ரொம்ப நல்ல மனிதர், அதிர்ந்து பேச —]

செத்தவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவது. பொய்யும்கூட. அந்த மனுசனுக்கு வாய் ஓயாது.

2

சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவர் வேலை. நம் தறிகளின் மேல் உட்கார்ந்து பூவேலையை நெய்யவைக்கும் ஜக்காடு பெட்டி, பிரான்சில் லியோன் என்ற ஊரில் பிறந்தது என்று எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த ஊர்க் கால்பந்து அணி அவருக்குச் சொந்தமாகிவிட்டது. "இன்னிக்கு நம்ம சம்பந்தி ஊட்டு ஆட்டமுங்க" என்பார். நான் மறுநாள் விசாரிக்கும்போதெல்லாம் சம்பந்தி வீட்டார் தோற்றிருப்பார்கள். தெருவே கேலி செய்யும். "இருங்க, ஒருநாளைக்கு இருக்குது" என்பார்.

அந்த ஒருநாள் 2020 பிப்ரவரியில் வந்தது. நாக்-அவுட் சுற்று. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு ஆட்டம், இவர்கள் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. தன் ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் லியோன், இத்தாலியின் யுவென்டஸை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. மறுநாள் வீடு வீடாக மிக்சர் பொட்டலம் கொடுத்தார். கேலி செய்ததற்காக எனக்கு மட்டும் இரண்டு.

அடுத்த ஆட்டம் மார்ச்சில் நடந்திருக்க வேண்டும். ஊரடங்கில் அது நின்றது, இங்கே தறிகளும் நின்றன. "பாவுல பாதிச் சேலையோட நிறுத்துன மாதிரி இருக்குதுங்க" என்று மாடியிலிருந்து கத்திச் சொன்னார்.

3

(இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.)

ஆகஸ்டில், யுவென்டஸின் ஊரில், ஆளில்லாத மைதானத்தில் மீதி ஆட்டத்தை நடத்தினார்கள். அப்போது தீனதயாளன் சேலத்தில் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனில் இருந்தார். பார்க்க யாரையும் விடவில்லை. காலையில் ஒரு நர்ஸ் அவர் காதில் போனைப் பிடிப்பார், அவ்வளவுதான். எப்படியும் கேட்பார் என்று தெரிந்து, ஸ்ரீதேவி முன்கூட்டியே போனில் முடிவைப் பார்த்துவைத்திருந்தாள். யுவென்டஸ் 2, லியோன் 1.

"என்னாச்சு?" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கியது.

"தோத்துட்டாங்க மாமா. போச்சாது உடுங்க. மொதல்ல நீங்க நல்லாகி ஊட்டுக்கு வாங்க."

"செரி."

அன்று சாயங்காலம் போய்விட்டார்.

4

ஒரு வாரம் கழித்து அவள் தம்பி கதிர்வேல் வந்து வாசலிலேயே உடைந்து அழுதான். "அக்கா, மச்சானோட டீமு செமி பைனல் போயிருச்சுக்கா."

"அவிங்கதான் தோத்துட்டாங்களேடா?"

தோற்றார்கள்தான். ஆனால் இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால், எதிரணியின் ஊரில் அதிக கோல் போட்டவர்களே மேலே போவார்கள் என்பது அன்றைய விதி.* லியோன் அங்கே போய் ஒன்று போட்டிருந்தது. யுவென்டஸ் இவர்கள் ஊரில் ஒன்றும் போடவில்லை. ஆகவே தோற்ற அன்றைக்கே லியோன் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது; அதிலும் ஜெயித்துத்தான் இப்போது செமி பைனல். இதை எனக்கு விளக்கியவள் ஸ்ரீதேவி. ஒரு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்காதவள், இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த விதியைச் சொல்வாள்.

"ரெண்டுக்கு ஒண்ணுன்னு சொல்லியிருந்தாப் போதுமுங்ணா. மிச்சத்தை அவரே கணக்குப் போட்டிருப்பாரு. நான் எதுக்குங்க தோத்துட்டாங்கன்னு சொன்னேன்?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

* அடுத்த ஆண்டு அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். "முன்னாடியே எடுத்திருந்தா நான் சொன்னது சரியாப் போயிருக்குமில்லீங்க?" என்று கேட்டாள். அப்போதும் சமம்தான், தோல்வி ஆகாது; கூடுதல் நேரம் ஆடியிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

5

முடிவு அ. ஸ்ரீதேவி ஸ்கோரைச் சொல்கிறாள். மாஸ்குக்குள் அவர் சிரிக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். "மாஸ்குக்குள்ள சிரிச்சது உங்களுக்கெப்படிங்க தெரியும்?" என்றாள். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ. அந்த நர்ஸ் கால்பந்து ரசிகை. மத்தியானம் அவரிடம் சரியான சேதியைச் சொல்லிவிடுகிறார். நடந்திருக்கக்கூடாதா என்ன? "அந்தப் புள்ளையத் தேடிப் போனனுங்ணா. எல்லாரும் கவச உடுப்புல இருந்தாங்க. மொகமே பாத்ததில்ல, யாருன்னு கேக்கறது?" அதையும் அடித்தேன்.

முடிவு இ. [அவர் 'செரி' என்றாரே, அந்தச் செரிக்குள்]

தெரியாது. எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"அப்பறம் எப்படித்தாம்மா இதை முடிக்கிறது?" என்று எரிந்து விழுந்தேன். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

அவள் என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தாள். "படிக்கறவிங்க அவருகிட்ட ஸ்கோரைச் சொல்லட்டுமுங்க. அத்தனை பேரு சொன்னா, ஒருத்தரு சொன்னதாச்சும் அவரு காதுல உழுவாதா?"

6

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கேட்டவள் அவள்.

ஆகஸ்ட் எட்டு, காலை. சேலத்தில் நர்ஸ் போனை அவர் காதில் வைத்துவிட்டார். இந்த முனையில் போன் உங்கள் கையில் இருக்கிறது. என்னாச்சு என்று அவர் கேட்டுவிட்டார்.

ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள், அன்று தோற்றது நிஜம். ஆறுதலும் வேண்டாம். ஸ்கோரை மட்டும் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. ஆக்சிஜன் ஓடுகிற சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்காது.