காத்தாயிக்குக் கட்டிய பாட்டு

அழகரின் கருமாதி முடிந்த மறுநாள் அவன் மனைவி காத்தாயி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

பசறைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் கிளாக்கர். அழகர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். யாழ்ப்பாணத்துக் கிளாக்கருக்கும் லயத்துக்காரனுக்கும் அப்படி என்ன சிநேகிதம் என்று கந்தோரில் கூட வேலைசெய்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த மலையில் வேறு சிநேகிதன் இருக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத மனுசன், கவ்வாத்துக் கத்தியை வீசிக்கொண்டே பாட்டுக் கட்டுவான். அவன் பாடத் தொடங்கினால் கங்காணிகூட அதட்ட மறந்து நிற்பார்.

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பாட, நான் பென்சிலால் எழுதினேன். பதுளையில் கொடுத்துப் புத்தகமாக அச்சடிப்பதாக இருந்தோம். மார்கழி மழையில் அவனுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டான்.

நான் செய்த கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். பாட்டுகளை நல்ல கொப்பியில் மையால் எழுதும்போது திருத்தினேன். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களை எழுப்ப விடியற்காலையில் அடிக்கும் தப்பை, ‘வைகறை முரசு’ ஆக்கினேன். வரிசை வீட்டில் ஒற்றை அறையான லயத்துக் காம்பரா ‘இல்லம்’ ஆயிற்று. கந்தோர்ப் பழக்கம், நல்ல பிரதி எடுத்ததும் பென்சில் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஒருநாள் ஒரு பாட்டை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்குங்க. யாரு கட்டுன பாட்டுங்க?” என்றான்.

பகிடி விடுகிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன். மடையன் நான்.

காத்தாயி உட்காரவில்லை.

“எம்பேர வச்சு ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன்னு சொன்னாருங்க. பாடிக் காட்டச் சொன்னா வெக்கப்படுவாரு. கிளாக்கரையா எழுதி வச்சிருக்காரு, பொஸ்தகம் வந்தா கேட்டுக்கன்னுட்டாரு. எம்பேரு வர்ற எடத்த மட்டும் படிங்கய்யா, போதும்.”

அந்தப் பாட்டை அவன் மலையில் பாடியதே இல்லை. என்னிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு தரம். கொப்பியைப் பிரித்தபோதுதான் நான் செய்தது நினைவுக்கு வந்தது. காத்தாயி என்ற பேர் பாட்டுக்கு எடுப்பாக இல்லை என்று நான் அன்று நினைத்திருந்தேன்.

என்ன பேரை வாசிப்பது? காத்தாயி என்று மாற்றி வாசித்திருக்கலாம். அந்தப் புத்தி அப்போது எனக்கு வரவில்லை. எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன்.

“வைகறை முரசொலிக்க வந்துதித்த பூங்கொடியே...”

அவள் முகம் செத்துப்போயிற்று.

“பூங்கொடி யாருங்க?”

“உன்ர பேர்தான் இருந்தது, காத்தாயி. நான்தான் மாத்தினனான். சத்தியமா நான்தான்.”

“அப்ப எம்பேரோட எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

யோசித்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். முரசும் பூங்கொடியும்தான் வந்தன. அவன் சொன்ன வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“செத்தவரக் காப்பாத்தணும்னு பொய் சொல்லாதீங்கய்யா. நான் சண்டைக்கு வரல. அந்தப் பூங்கொடி எந்தத் தோட்டம்னு மட்டும் சொல்லுங்க.”