அவங்க நிறத்துக்கு ஒரு வாரம்

பரின்டின்ஸ் ஊரில் காளைகள் இரண்டு. ஒன்று நீலம், இன்னொன்று சிவப்பு. துணிக்காளைகள்தான், உள்ளே ஆள் புகுந்து ஆட்டுவார். ஆனால் ஜூன் திருவிழாவில் எந்தக் காளை ஜெயிக்கும் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொள்ளும். ருபினால்டோ நீலக் காளைக்கு முரசு அடிப்பவன். அவன் வீட்டுச் சுவர் நீலம், ஊஞ்சல் நீலம், மகள் மயாரா ஒன்றுக்குப் போகும் சட்டியும் நீலம். எதிர் நிறத்தின் பெயரை அவன் வாயால் சொன்னதே இல்லை. தக்காளி வாங்கப் போனால்கூட "பழுத்ததா குடு" என்பான்.

இப்படிப்பட்டவன் தலையில்தான் பாடம் நடத்தும் வேலையைக் கட்டினாள் மனைவி கெய்லா. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்தக் காளையும் அவளுக்கு வேண்டாம், நல்ல தூக்கம் கிடைத்தால் போதும். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு வாரம் ஒரு விஷயம் என்று, வீட்டுச் சாமான்களை வைத்தே விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாமென்று எங்கோ படித்திருந்தாள். படகுக்குப் பெயின்ட் அடிக்கும் ருபினால்டோ மழைக்காலத்தில் வீட்டில் சும்மாதானே இருக்கிறான்?

முதல் வாரம் நீலம். ஜமாய்த்துவிட்டான். வாரக் கடைசியில் குழந்தை நாயைக் காட்டி நீலம் என்றது, சோற்றைக் காட்டி நீலம் என்றது, அப்பாவின் வழுக்கையைக் காட்டியும் நீலம் என்றது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இது படிப்பில்ல, கோஷம்," என்றாள் கெய்லா. "அடுத்த வாரம் சிவப்பு."

"மஞ்சள் வச்சுக்கலாமே? மஞ்சளுக்கு என்ன குறைச்சல்?"

"சிவப்பு. சனிக்கிழமை நானே கேப்பேன். புள்ள சொல்லலைன்னா, பகல்ல எங்க அக்கா வீட்ல விட்டுடறேன். சொகோரோ நல்லாச் சொல்லிக் குடுப்பா."

சொகோரோ வீட்டில் கழிப்பறை மூடிகூடச் சிவப்பு. அங்கே பகலெல்லாம் வளர்ந்தால், ஜூனில் மகள் எந்தப் பக்கம் நின்று ஆடுவாள்? மகள் கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமானால், அந்தப் பாழாய்ப்போன நிறத்தை அவனேதான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஜன்னலைச் சாத்தினான். கதவைத் தாழிட்டான். கள்ளச்சாராயம் காய்ச்சப்போகிறவன் மாதிரி தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தக்காளி, மிளகாய், மீன் குழம்புக்கு நிறம் சேர்க்கும் விதைப்பொடி எல்லாவற்றையும் தரையில் பரப்பினான்.

"குட்டி, இங்க பாரு. இது வந்து... இது..." சாத்திய ஜன்னலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். "இது அவங்க நிறம்."

"அவங்க!" என்றாள் மயாரா.

குழந்தை படு சுட்டி. கலந்து வைத்த சாமான்களில் நீலத்தை ஒரு கிண்ணத்திலும் அவங்களை இன்னொரு கிண்ணத்திலும் ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்துப் போட்டாள். அந்தப் பெருமையில் அவன் ஒரு வாய் காபி குடித்துத் திரும்புவதற்குள் விதைப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, நாய்க்கும் தனக்கும் பூசி, மூலையில் இருந்த நீல முரசிலும் கை கையாகப் பதித்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்தா கூட முரசு அடிக்கும் கூட்டாளி ஜெனேசியோ பின்பக்கமாக வர வேண்டும்? நழுவும் கால்சட்டையை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டே நடப்பது அவன் வழக்கம். முரசைப் பார்த்ததும் அந்தக் கையும் நின்றுவிட்டது.

"டேய்! என்னடா இது?"

"ரத்தம்," என்றான் ருபினால்டோ.

"ரத்தமா? அப்பாடா. நான் பயந்தே போயிட்டேன்."

சனிக்கிழமை மாலை. ஒத்திகைக்கு அவனை அழைத்துப் போக முரசுக்காரர்கள் வாசலில் முரசு கொட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே கெய்லா தக்காளியை உயர்த்திப் பிடித்தாள்.

"தங்கம், இது என்ன நிறம்?"

"அவங்க!"

கெய்லா புருஷனைப் பார்த்தாள். போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடினாள்.

"இரு, இரு! புள்ளைக்கு எல்லாம் தெரியும். நான்தான் பேரு சொல்லிக் குடுக்கல."

"அப்ப சொல்லு."

வாசலில் முரசு. உள்ளே மகள், அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சிவப்பு," என்றான்.

"என்ன?" என்றாள் மயாரா. முரசுச் சத்தத்தில் கேட்கவில்லை.

"சிவப்பு! சிவப்புடி என் செல்லம்! சிவப்பு!"

முரசுகள் சட்டென்று நின்றன. தெருவே கேட்டுவிட்டது. மயாரா "சிவப்பு!" என்று கைகொட்டிக் குதித்தாள். கெய்லா போனை மேசைமேல் வைத்தாள்.

ஜெனேசியோ வாசற்படியில் வந்து நின்றான். "நீலக் காளைக்கு முரசு அடிக்கிறவன் வாயாடா இது? அந்த வார்த்தைய சொல்ல உனக்கு நாக்கு எப்படிடா வந்துச்சு?" ஆவேசத்தில் இரண்டு கைகளையும் வானத்தைப் பார்த்து உயர்த்தினான். பிடி விட்ட கால்சட்டை கொஞ்சம் இறங்கியது.

மயாரா ஓடிப்போய் விரலை நீட்டினாள். "சிவப்பு!"

இடுப்பில் பட்டையாகத் தெரிந்தது. பளிச்சென்ற ஜட்டி.

"பொண்டாட்டி வாங்கினது," என்றான் ஜெனேசியோ மெல்ல. "கடையில வேற இல்லையாம்." முரசுக்காரர்கள் ஒருவர்கூட அதை நம்பவில்லை.

ருபினால்டோ மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"மாமாவுக்குக் காது சரியாக் கேக்காதுடி குட்டி. அது என்ன நிறம்? இன்னொரு தடவை சத்தமாச் சொல்லு."