இலந்தைப் பழ வழக்கு

வகுப்பு முடிந்த அன்றே குறிப்பு எழுதிவிடுவது என் வழக்கம். என்ன திட்டமிட்டேன், என்ன நடந்தது, எதை மாற்ற வேண்டும் என்று மூன்று தலைப்புகள். இன்று சனிக்கிழமை. நேற்றைய வகுப்பைப் பற்றி இன்றுதான் எழுதுகிறேன். தள்ளிப்போனதற்குச் சோம்பல் காரணமில்லை. காரணத்தை அதன் இடத்தில் சொல்கிறேன்.

பகலில் பாலிகஞ்சில் பி.எட். படிக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில், தமிழர் மன்றத்தின் மாடி அறையில் ஏழு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பாவுக்குப் போன ஜூனில் இந்த ஊருக்கு மாற்றல் வந்தது. ஆகஸ்டில் இந்த வகுப்பை எடுத்துக்கொண்டேன். படிப்பு முடிவதற்குள் ஆசிரியை ஆகிப் பார்த்துவிடலாம் என்ற ஆசைதான்.

பிள்ளைகள் நல்லவர்கள். எழுதச் சொன்னால் எழுதுவார்கள். தங்களுக்குள் பெங்காலியில் ஓயாமல் பேசுவார்கள். நான் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் மட்டும் எல்லோரும் தலையைத் தூக்கி, ஓடாத மின்விசிறியைப் பார்ப்பார்கள். "கேள்வி கேட்டபின் காத்திருக்க வேண்டும்" என்று 'எதை மாற்ற வேண்டும்' தலைப்பின் கீழ் நான் பல வாரங்கள் எழுதியிருக்கிறேன். எந்த வாரமும் காத்திருந்ததில்லை. வகுப்பில் மௌனம் விழுந்தால் எனக்குப் பயம். ஏதோ உடைந்துவிட்டது, நான்தான் உடைத்தேன் என்று தோன்றும். உடனே பதிலையும் நானே சொல்லிவிடுவேன். கல்லூரியில் பாடம் நடத்திக் காட்டியபோது பேராசிரியை இதைக் கவனித்துவிட்டு, கேள்வி பதில் இரண்டையும் நீயே பார்த்துக்கொண்டால் பிள்ளைகளை எதற்கு உட்கார வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் மன்றத்தின் செயலாளர் கோவிந்தராஜன் சார் என்னை மாடிப்படியில் நிறுத்தினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்ச் வரை குரங்குக் குல்லாவைக் கழற்றமாட்டார்.

"பத்மஜா, வெள்ளிக்கிழமை அந்த ரூமை யோகா கிளாஸ்காரா கேக்கறா. அவா நிறையப் பேர் இருக்கா. நம்ம கிளாஸ்ல ஏழே பேர். கீழ ஆபீஸ்ல உக்காந்து காதைக் குடுத்தா உன் குரல் ஒண்ணுதாம்மா கேக்கறது. கமிட்டிக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

"ஒரு நாள் நேர்ல வந்து பாருங்க சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. மனம் அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

"வரேன். இருபத்திமூணாம் தேதி வரேன். நேதாஜி பிறந்த நாள், சரஸ்வதி பூஜை, ரெண்டும் ஒண்ணா வரது. டபுள் லீவு. எல்லாரும் ஃப்ரீ. பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

தேதியைக் குறித்துக்கொண்டேன். அதில் என்ன தவறு என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் இருவர் வீட்டிலும் சரஸ்வதி பூஜை என்றால் நவராத்திரியில் வருவது. புத்தகங்களை அடுக்கிப் பூஜை போட்டு, மறுநாள் எடுத்துப் படித்து, அந்தக் கணக்கு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஜனவரியில் வருவது இந்த ஊர்ப் பூஜை, பந்தல், மஞ்சள் புடவை, கிச்சடி என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். சாருக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

பாடத்திட்டம் மூன்று பக்கம் வந்தது. புத்தகத்தில் 'சந்தை' பாடத்தை வாசிப்பது, சொல்வதை எழுதுவது, காய்கறிகளின் பெயர் போட்ட பெரிய அட்டையைக் காட்டிக் கேள்வி கேட்பது. அட்டையில் கத்தரிக்காய்க்கு மட்டும் இரண்டு தடவை வண்ணம் பூசினேன்.

நேற்று சால்ட் லேக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் வரும்போது ஒவ்வொரு சந்திலும் வெள்ளைச் சரஸ்வதி. அட்டைச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அழகாகத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சந்தேகம் துளியும் வரவில்லை.

ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஷபானாவைத் தவிர எல்லோரும் மஞ்சள் உடை. கோவிந்தராஜன் சார் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சால்வைக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புத்தகத்தை எடுங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. வகுப்பிலேயே வாயாடியான ராகவ் எழுந்து நின்றான்.

"புக் இல்ல தீதி. பந்தல்ல சாமி கால்ல வச்சாச்சு."

அக்கா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்து எப்போதோ விட்டுவிட்டேன்.

"எல்லாருமா?"

"எல்லாரும். நாளைக்குத்தான் திருப்பித் தருவாங்க. இன்னிக்கு எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. படிச்சா படிப்பே வராது."

"நாமதான் அக்டோபர்லயே இந்தப் பூஜையைப் பண்ணிட்டோமே. தமிழ்ப் புத்தகத்துக்குமா?"

"சரஸ்வதி என்ன ரெண்டு பேரா தீதி?"

பின் நாற்காலியில் ஒரு இருமல் கேட்டது. இருமல்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"என்கிட்ட புக் இருக்கு" என்றாள் ஷபானா. சந்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முகமது ரபீக்கின் மகள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவள் புத்தகத்தைப் பாதி வெளியே எடுத்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். மறுபடி பைக்குள் தள்ளினாள்.

"இவங்க எல்லாம் ஜாலியா உக்காந்திருக்க, நான் மட்டும் படிக்கணுமா? நல்லாருக்கே கதை!"

அட்டையைப் பிரித்தேன். முன்வரிசையில் இருந்த தீப்தி உடனே இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் பெண். ஆனால் ஆகஸ்டிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் நான் கேட்டதில்லை.

"எழுத்து இருக்கு" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். சாக்பீஸை எடுத்தேன். எல்லாக் கண்களும் சாக்பீஸைப் பார்த்த பார்வையில் அதையும் கீழே வைத்தேன். என் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம் என்றால் அதையும் படிக்கத்தானே வேண்டும்? மடித்துப் பைக்குள் போட்டேன்.

"அப்போ இன்னிக்கு என்னதான் செய்யலாம்?" என்றேன்.

கேட்டுவிட்டு நின்றேன். பொறுமை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பதில் எனக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். வெளியே பந்தலில் ஒலிபெருக்கி யாரையோ பிரசாதம் வாங்கக் கூப்பிட்டது. பிள்ளைகள் மின்விசிறியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சாரும் என்னதான் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தார். யோகா வகுப்புக்கு இந்த அறை நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"குல் சாப்பிடலாம்" என்றது ஒரு சின்னக் குரல். தீப்தி. "இன்னிலேர்ந்து சாப்பிடலாம். ஆனா இவன் முன்னாடியே சாப்பிட்டான்."

அவள் விரல் ராகவை நோக்கி நீண்டிருந்தது.

குல் என்றால் என்ன என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். ஏழு பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். சின்னதாக, உருண்டையாக, புளிப்பாக இருக்கும். சரஸ்வதிக்குப் படைப்பதற்கு முன் தின்னக்கூடாது. தின்றால் பரீட்சையில் ஃபெயில். "இலந்தைப் பழமா!" என்றேன்.

"நான் பழம் சாப்பிடல" என்று ராகவ் குதித்தான். "ஊறுகாய்தான் சாப்பிட்டேன்!"

"ஊறுகாயும் அதுதான்!"

"அது போன வருஷப் பழம்!"

"அதனால என்ன?"

"அப்போ கேஸ் போடு. போ, போடு. ஆனா கோர்ட்டுல தமிழ் மட்டும்தான் பேசணும்."

இந்த நிபந்தனையில் இருந்த தந்திரம் எனக்கு உடனே புரிந்தது. தமிழ் மட்டும் என்றால் தீப்தி வாயைத் திறக்கமாட்டாள், வழக்கு தானாகத் தள்ளுபடி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"ஜட்ஜ் யாரு?" என்று ஷபானா கேட்டாள். எல்லாத் தலைகளும் குரங்குக் குல்லாவின் பக்கம் திரும்பின.

"என்னை விட்டுடுங்கோ. நான் கிளாஸ் எப்படி நடக்கறதுன்னு பாக்க வந்தவன்."

"ஜட்ஜும் உக்காந்து பாக்கத்தானே அங்கிள் செய்வாங்க?" என்றாள் ஷபானா.

சார் என்னைப் பார்த்தார். நான் என்ன முகம் காட்டினேனோ தெரியாது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நான் அவர் இருந்த மூலைக்குப் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் முதுகைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பேச நினைப்பவர்களின் முதுகு முன்கூட்டியே நிமிர்கிறது. முன்னால் நின்றுகொண்டிருந்தவரை எனக்கு அது தெரியவே இல்லை.

தீப்தி எழுந்தாள். முதலில் தரையைப் பார்த்தாள்.

"ஸ்கூல் கேட் கிட்ட. பேப்பர்ல வச்சு சாப்பிட்டான். நான் பாத்தேன். கேட்டா இல்லங்கறான். அவன் மித்தே... மித்தே..." தமிழ்ச் சொல் கிடைக்காமல் கையை ஆட்டினாள்.

"பொய்" என்று ராகவ் எடுத்துக்கொடுத்தான்.

"ஆமா, பொய் சொல்றான்!"

எதிரிக்கு ஆயுதம் எடுத்துக்கொடுத்ததை ராகவ் உணர்வதற்குள் அறை சிரிப்பில் அதிர்ந்தது. அதற்குப் பிறகு தீப்தி நிற்கவில்லை.

"அங்கிள், எங்கம்மா இலந்தைப் பழம் வாங்கி டப்பால போட்டு வச்சிருந்தா. நான் ஒண்ணுகூட தின்னல. தினமும் டப்பாவைத் திறப்பேன், மோந்து பாப்பேன், மூடிடுவேன். இவன் மட்டும் என் முன்னாடியே நக்கி நக்கிச் சாப்பிடறான்!"

"மோந்து பாக்கறது தப்பில்லையா?" என்று நீதிபதி விசாரித்தார்.

"மூக்கு சாப்பிடாது அங்கிள்."

சார் குல்லாவை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

ராகவுக்காக ஷபானா வாதாட எழுந்தாள். "எங்க அத்தா கடையில புது ஊறுகா இன்னும் வரல. இப்ப விக்கிறதெல்லாம் போன வருஷத்துது. போன வருஷப் பழத்தைப் போன வருஷமே சாமிக்குப் படைச்சாச்சு. சாமி சாப்பிட்ட பாக்கியை இவன் சாப்பிட்டான். இதுல என்ன குத்தம்?"

"அப்போ அதை முன்னாடியே எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று தீப்தி கிட்டத்தட்ட அலறினாள். "நானும் ஊறுகாய் சாப்பிட்டிருப்பேனே!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பழம் பழையதா, சாப்பிட்ட நாள் புதியதா, எதைக் கணக்கில் எடுப்பது? ஜாம் என்றால் எப்படி? தெரியாமல் தின்றால்? நடுவில் பெங்காலி விழும். பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். தமிழ் எழுந்து நொண்டிக்கொண்டு ஓடும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச யாரும் இடம் தரவில்லை.

கடைசியில் நீதிபதி கரும்பலகை அழிக்கும் கட்டையால் மேஜையைத் தட்டினார்.

"இந்த ஊர்ல முப்பது வருஷமா இருக்கேன். பூஜைக்கு முன்னாடி நான் இந்த ஊறுகாயைத் தொட்டிருக்கேனா இல்லையான்னு யோசிச்சுப் பாக்கறேன். தொட்டிருந்தா நானும் குத்தவாளி. ஆத்துல மாமியைக் கேட்டாத்தான் தெரியும். அதனால தீர்ப்பு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஷபானா, உங்கப்பா சாட்சி சொல்ல வரணும்."

"கடையை யார் அங்கிள் பாத்துப்பாங்க?"

"அரை மணி மூடட்டும். கோர்ட் உத்தரவு."

சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வெள்ளிக்கிழமை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இந்த ரூம்லதானே சார்?" என்றேன்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். இந்தத் தடவை வேண்டுமென்றே. நாக்கு நுனியில் பத்துச் சமாதானங்கள் இருந்தன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

அவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பின்னே? கேஸைப் பாதியில விட்டுட்டு இங்க மூச்சா பிடிக்கறது? யோகாவுக்கு ஞாயித்துக்கிழமை காலைதான் நல்லது. கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணும்மா, அடுத்த வாரம் புத்தகமும் நடக்கணும். கேஸே நடத்திண்டிருந்தா பேரண்ட்ஸ் என் மேல கேஸ் போடுவா."

"நடக்கும் சார்."

பிள்ளைகள் படியிறங்கும்போது மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று மாடிப்படியிலேயே நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். கீழே போய்க்கொண்டிருந்த தீப்தி திரும்பிப் பார்த்து ஓடி வந்தாள்.

"தீதி! இன்னிக்கு எழுதக்கூடாது! படிப்பு போயிடும்!"

பேனாவை மூடினேன். பி.எட். பரீட்சை ஜூனில் இருக்கிறது. எதற்கு வம்பு?

அதனால்தான் இன்று எழுதுகிறேன். 'என்ன திட்டமிட்டேன்' என்பதற்குக் கீழே மூன்று பக்கம் இருக்கிறது, அதில் ஒரு வரியும் நடக்கவில்லை. 'என்ன நடந்தது' என்பது இவ்வளவு நீண்டுவிட்டது. 'எதை மாற்ற வேண்டும்' என்பதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கே விடை தெரியாத கேள்வியாக ஒன்றைக் கேட்டேன், அதனால் பேசினார்கள் என்று ஒரு வரி எழுதினேன். உண்மை போலத்தான் இருக்கிறது. ஆனால் வாரா வாரம் விடை தெரியாத கேள்விக்கு எங்கே போவது? 'சந்தை' பாடத்தில் அப்படி என்ன இருக்கிறது? அந்த அட்டையில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் விலை போடாமல் விட்டிருக்கிறேன். பிள்ளைகளையே விலை சொல்லிப் பேரம் பேச விட்டால்? ஓடலாம். ஓடாமலும் போகலாம். ஒரு வாரம் அதிர்ஷ்டம் அடித்ததை முறை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

சற்றுமுன் தீப்தியின் அம்மா விஜயாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. காலையில் பந்தலிலிருந்து புத்தகம் வந்ததிலிருந்து, 'குறுக்கு விசாரணை' மாதிரி கோர்ட்டில் சொல்லும் வார்த்தைகளெல்லாம் தமிழில் வேண்டும் என்று பிடுங்கியெடுக்கிறாளாம். இது ஹோம்வொர்க்கா, தனக்குப் பாதி தெரியவில்லை, நீங்களே எழுதி அனுப்பிவிட முடியுமா என்று கேட்டிருந்தார்.

வரிசையாக எட்டுச் சொற்களைத் தட்டினேன். அனுப்பப் போகும் நேரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "அவளையே கூப்பிடச் சொல்லுங்கள்" என்று மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறிகளும் விழுந்துவிட்டன. கைபேசியை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.