முப்பதரை இன்ச் லிப்ட்

பன்னிரண்டு மீட்டர் நீள பஸ்ஸை இரண்டு லாரிகளுக்கு நடுவே ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்துகிறவள் நான். கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். இடைவெளி போதுமா போதாதா என்று கண்ணே சொல்லிவிடும். ஒன்பது வருஷத்தில் பம்பரில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு குழந்தை வண்டி வாங்கும் விஷயத்தில் கோட்டை விட்டேன் என்றால், அதற்குக் காரணம் என் கண் இல்லை. என் வீட்டுக்காரரின் டேப்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிரசவ லீவு முடிந்துவிட்டது. டிப்போவில் காலை ஏழு பத்துக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நீண்ட லீவிலிருந்து வருகிறவர் முதல் நாளே தாமதமானால் அவருடைய ரூட் கைமாறிவிடும், அவர் ஸ்பேர் லிஸ்டுக்குப் போய்விடுவார். இது எங்கள் டைம் கீப்பரின் சட்டம். ஸ்பேர் என்றால் எப்போது கூப்பிடுவார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். என் பதினேழாம் நம்பர் ரூட்டை ஏழு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்த மாற்று டிரைவர் போன வாரம் போன் பண்ணினார். "அவசரமே இல்லக்கா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தப் பாசம் எதன் மேல் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் டிப்போவுக்கு அளவெடுக்க வந்தவர்தான் அப்படியே என் வீட்டுக்காரர் ஆனார். இப்போது கம்பெனிக்குப் பள்ளிக்கூட வேலை மட்டும்தான். என் யூனிஃபார்மை மட்டும் வீட்டில் வைத்துத் தன் கைப்படத் தைத்துக் கொடுப்பார். மற்றபடி பள்ளி பள்ளியாகப் போய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அளவெடுப்பதுதான் அவர் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்துவிடும். என் பிரசவத்தின்போதே தன் லீவையெல்லாம் தீர்த்துவிட்டார். ஆகவே பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு டிப்போவுக்கு ஓடுவது என் பாடு. காப்பகம் பதினைந்து நிமிஷ நடை. டிப்போ அதற்கு அடுத்த தெரு.

பதினைந்து நிமிஷம் என்பது என் கால் கணக்கு. பெரியவளுக்கு மூன்றரை வயது. பேச வந்த நாளிலிருந்து எல்லோரையும் வேலை வாங்குவதால் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். சின்னவனுக்கு ஏழு மாதம். அவனை மூட்டை என்று ஏன் கூப்பிடுகிறோம் என்பது தூக்கிப் பார்த்தால் தெரியும். புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். மூட்டை இடுப்பில், மேஸ்திரி கையில், இரண்டு பைகள் தோளில். நாலாவது விளக்குக் கம்பம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அங்கே மேஸ்திரி நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு இவ்ளோதான்" என்று சொல்லிவிட்டாள். காப்பகம் போய்ச் சேர முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது.

அன்று சாயங்காலமே முடிவெடுத்தோம். இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கினால்தான் பிழைப்பு.

"யூனிஃபார்ம போட்டுப் பாத்தியா?" என்று நடுவில் கேட்டார் வீட்டுக்காரர்.

"வண்டியப் பத்திப் பேசுறப்ப யூனிஃபார்ம் எதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

பயம், வேறென்ன. அது ஏழு மாதத்துக்கும் மேலாக அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இடைவெளி போதுமா போதாதா என்று கண்ணே சொல்லிவிடும் என்றேன் அல்லவா? அலமாரியைத் திறக்கும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு விற்பனையாளர் நேராக வீட்டுக்காரரிடம் வந்தார்.

"சார், இதுல ரெண்டு வகை இருக்கு. பக்கத்துல பக்கத்துல உக்கார்றது ஒண்ணு. ஒருத்தர் பின்னால ஒருத்தர் உக்கார்றது ஒண்ணு."

"ஓட்டப் போறது நான். என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

முன்னும் பின்னுமாக இருந்த நீள வண்டியைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஒல்லியாக, நீளமாக, நம்ம ஜாதி வண்டி. பால் புட்டி அலமாரிகளுக்கு நடுவே ஒரு சுற்று விட்டேன். முழுத் திருப்பம் ஒரே மூச்சில் வந்தது. பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். குனிந்து சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். "வளைவுல பின்பக்கம் கொஞ்சம் வீசுது. பரவால்ல, சமாளிச்சுக்கலாம்" என்றேன். வீட்டுக்காரர் என்னைத் தெரியாதவர் போலத் தொட்டில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பயணிகளை ஏற்றினோம். மேஸ்திரி முன்னால், மூட்டை பின்னால். அவன் இரண்டு கைகளாலும் அவள் முடியைப் பிடித்தான். கடை முழுக்கக் கேட்டது சத்தம். சரி என்று இடம் மாற்றினோம். "ஒண்ணுமே தெரியல, தம்பி மண்டைதான் தெரியுது" என்று அவள் முன் சீட்டை உதைக்க ஆரம்பித்தாள். தன்னைத் தாலாட்டுகிறார்கள் என்று நினைத்து மூட்டை சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க இவளுக்குக் கோபம் ஏறியது.

அடுத்து அகல வண்டி. மேஸ்திரி தானே ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் தம்பியை வைத்தவுடன் அவன் பெல்ட்டைச் சரிபார்த்தாள், எச்சிலைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள், "ம், போலாம்" என்றாள். மூட்டை அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்காரர் அப்படியே உருகிவிட்டார்.

"பாரு, எவ்ளோ அழகா உக்காந்திருக்குதுங்க!"

"அழகெல்லாம் சரி. நம்ம லிப்ட்ல இது நுழையாதுங்க."

"அதெல்லாம் அளந்தாச்சு." சட்டைப் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "லிப்ட் கதவு முப்பதரை இன்ச். வண்டி முப்பது. அரை இன்ச் மிச்சமே இருக்கு."

"என் கண்ணுக்குத் தெரியுதுங்க, நுழையாது."

"கண்ணு ஏமாத்தும் டிரைவரம்மா. டேப் ஏமாத்துமா?"

வியாழக்கிழமை லிப்ட் வாசலில் மண்டிபோட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்து அளந்த மனுஷன். அவரோடு எப்படி வாதாடுவது? மேஸ்திரியும் இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் எப்போதாவதுதான் வாயை மூடுவேன், மூடும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும்.

"ஒரே கையில மடக்கலாம், ஒரே கையில பிரிக்கலாம்" என்று விற்பனையாளர் செய்து காட்டினார். ஒரு கையில் தொடங்கினார். இன்னொரு கை வந்தது, முழங்கால் வந்தது, கடைசியில் மோவாயையும் வைத்து அழுத்தினார். "புதுசுல்ல, போகப் போகப் பழகிடும். ஏதாவதுன்னா திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல வாங்க, மாத்தித் தர்றோம். நாளைக்குக் கடை லீவு" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் குடியிருப்பது நாலாவது மாடி. பிள்ளைகளை உட்கார வைத்து ஊர்வலமாகத் தள்ளிக்கொண்டு வந்து லிப்ட் கதவைத் திறந்தோம். டங். வண்டி நின்றது. மேஸ்திரி "இன்னொரு தடவை!" என்று கைதட்டினாள். வீட்டுக்காரர் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். டங். பின்பக்கமாகத் திருப்பி இழுத்துப் பார்த்தார். டங்.

பையிலிருந்து டேப் வெளியே வந்தது. கதவை அளந்தார். இருபத்தெட்டு. டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தார். அப்போதும் இருபத்தெட்டு. நோட்டைப் பிரித்தார். முப்பதரை என்று முத்து முத்தாக அவர் கையெழுத்து. கொஞ்ச நேரம் நோட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் காது மடல் சிவந்தது.

"லூஸ் சேத்து எழுதிட்டேன்" என்றார், எனக்குக் கேட்டும் கேட்காமலும்.

"என்னது?"

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கள அளந்தா ரெண்டரை இன்ச் சேத்துத்தான் எழுதுவேன். உள்ளது உள்ளபடி எழுதினா மூச்சு விட இடம் இருக்காது. வளர்ற பிள்ளைங்க வேற. கை பழகிப் போச்சு. டேப்பப் பாத்ததும் அதுவா சேத்து எழுதிடுச்சு."

"ஏங்க, இந்த லிப்ட் மூச்சு விடுதா? இல்ல அடுத்த வருஷம் வளந்துடும்னு நினைச்சீங்களா?"

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. வண்டியை மடக்கி, இரண்டு பேரையும் ஆளுக்கொருவராகத் தூக்கி, மேலே போகும்வரை திட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. கடை திங்கட்கிழமை பத்து மணிக்குத் திறக்கும். எனக்கு நேரம் ஏழு பத்து. வண்டியைக் கீழேயே விட்டுவைக்கவும் முடியாது. போன மாதம்தான் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் அங்கே நின்ற ஒருவருடைய சைக்கிளைத் தூக்கி வெளியே போட்டார்கள். "என் வண்டி போச்சு" என்று சொல்லிவிட்டு அழுதேன். ஸ்ட்ரோலரைச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

அவர் துணியைத் தப்பாக வெட்டிவிட்டவர் முகத்தோடு சாப்பிட்டார். பிறகு தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். மனசு சரியில்லை என்றால் அவருக்கு அதுதான் போக்கிடம். என்ன தைக்கிறார் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு கோபம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபம் தீர்ந்து, புத்தி வேலை செய்தது. மடக்கினால் வண்டி லிப்டில் போகிறது. கீழே போய் அதை நான் ஒருத்தியாகப் பிரிக்க வேண்டும், அதுதான் பிரச்சினை. பிரிக்கும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது? மேஸ்திரிக்குக் கண்டக்டர் வேலை கொடுத்தேன். படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து மடியில் தம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி தயாரானதும் "போலாம், ரைட்!" சொல்ல வேண்டும். வேலை என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்காரர் கடிகாரம் பிடித்தார். முதல் தடவை ஆறு நிமிஷம். ஐந்தாவது தடவை சிவப்புக் கொக்கியை இடது காலால் உதைத்துக்கொண்டே கைப்பிடியை உதறினால் பொசுக்கென்று திறக்கும் என்று கண்டுபிடித்தேன். பதினோராவது தடவை ஐம்பது விநாடி.

"லூஸ் சேக்காமச் சொல்லுங்க" என்றேன்.

"சேக்காமத்தான்" என்றார் பாவமாக.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போங்க, வேன் நிக்குது" என்று விரட்டினேன். ஆறு இருபதுக்கு, பிள்ளைகளுக்கு உடுத்தி முடித்த பிறகு, மூட்டை தன் வேலையைக் காட்டினான். அவனைக் கழுவி, வேறு உடுப்பு மாட்டி, நான் கைக்குக் கிடைத்த வேகத்தில் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டும்போது ஆறு நாற்பத்திரண்டு.

கீழே கொக்கி திறக்கவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை உதறினேன். "இடது கால்லம்மா!" என்று படியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. வலது காலால் உதைத்துக்கொண்டிருந்தேன். காலை மாற்றினேன், பொசுக்கென்று திறந்தது. "போலாம், ரைட்!"

அகல வண்டி நடைபாதையில் வெண்ணெய் மாதிரிப் போனது. நாலாவது விளக்குக் கம்பம் வந்தபோது வேகத்தைக் கூட்டினேன். மேஸ்திரி கம்பத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அவன் தொப்பியைச் சரிசெய்தாள். நாங்கள் கம்பத்தைத் தாண்டிவிட்டோம். பிள்ளைகளையும் வண்டியையும் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். டிப்போவில் கையெழுத்துப் போட்டபோது ஏழு ஆறு. மாற்று டிரைவர் டீ கிளாஸோடு டைம் கீப்பர் ஜன்னலருகே நின்றிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "வந்துட்டீங்களாக்கா" என்றார். "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டேன் தம்பி" என்றேன்.

என் பஸ். என் சீட். அவர் பின்னால் தள்ளி வைத்திருந்ததை முன்னால் இழுத்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். எட்டி ஹேண்ட் பிரேக்கைத் தொட்டேன். அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் பொத்தான் போட்டேன். பேண்ட் கொக்கியை மாட்டினேன். மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை.

சட்டையின் பக்கவாட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பழைய தையல் பிரித்த ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு வெளியே புது நூலில் ஒரு தையல். பேண்டிலும் அப்படியே. தைத்த நாளிலேயே உள்ளே துணியை மடித்து விட்டு வைத்திருக்கிறார், இப்போது அதைத் திறந்து விட்டிருக்கிறார். எவ்வளவு என்று அளக்க வேண்டியதில்லை, என் கண்ணுக்குத் தெரியும். இரண்டரை இன்ச். என்மேல் டேப் வைத்தால் நான் கடித்துக் குதறியிருப்பேன் என்று தெரிந்து, கண்ணாலேயே அளந்திருக்கிறார். கண்ணு ஏமாத்தும் என்று கடையில் சொன்ன மனுஷன்!

சனிக்கிழமை லிப்டில் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

கிளம்ப இன்னும் நேரமிருந்தது. போனில் அவரிடமிருந்து ஒரு செய்தி காத்திருந்தது: "லேட் ஆகலயே? வண்டிய சாயங்காலமே மாத்திடலாம்."

"மாத்த வேண்டாம்" என்று அனுப்பினேன். "யூனிஃபார்ம் போட்டிருக்கேன்."

உடனே பதில் வந்தது. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"இறுக்குதா?"

"மூச்சு விட முடியுது" என்று எழுதினேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.